பல் போனால் சொல் போகுமா?

‘பல் போனால் சொல் போச்சு’ என்று நம் வீடுகளில் ஒரு பழமொழி வழங்குகிறது. முதுமை வந்தால் ஒருவர் பேச்சுக்கு மதிப்பு இராது என்ற பொருளில் அதைச் சொல்பவர்கள் உண்டு. பல்லில்லாத வாயிலிருந்து சொல் தெளிவாக வராது என்ற நேர்ப்பொருளில் சொல்பவர்களும் உண்டு. இரண்டு பொருளும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்பதை என் அம்மாவின் மேல்வரிசை வெட்டுப்பற்கள் நான்கும் போன பிறகு கண்கூடாகப் பார்த்தேன்.

இழந்த பல்லுக்கு மாற்றாக என்ன வழிகள் உள்ளன, எங்கள் வீட்டில் எதைத் தேர்ந்தோம், ஏன் என்று நண்பர்கள் சிலர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நான் பல் மருத்துவர் அல்லள். ஒலியியல் ஆய்வு மாணவி. ஆகவே இதை மருத்துவ அறிவுரையாகக் கொள்ள வேண்டாம். மருத்துவரின் நாற்காலியில் அமர்வதற்கு முன் எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்றைச் சொல்லவே இதை எழுதுகிறேன். மாற்றுப்பல்லைப் பற்றிய நம் பேச்சு முழுவதும் மென்று தின்பதையும் சிரிப்பதையும் சுற்றியே நடக்கிறது. பேசுவதைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

தொல்காப்பியரிடம் இந்தக் குறை இல்லை. பேச்சொலி பிறக்கும் இடங்களாக அவர் எண்ணும் எட்டில் பல்லும் ஒன்று. தகரமும் நகரமும் பிறக்க, மேற்பல்லின் அடியை நாநுனி பரந்து தொட வேண்டும் என்கிறார். வகரத்துக்கு மேற்பல்லும் கீழிதழும் கூட வேண்டும். டகரத்துக்கும் ணகரத்துக்கும் நாநுனி அண்ணத்தைத் தொட வேண்டும். ரகரத்துக்கும் ழகரத்துக்கும் நாநுனி மேல்நோக்கி வளைந்து அண்ணத்தை வருட வேண்டும். இந்தப் பட்டியலை ஒரு பல் மருத்துவரின் கண்ணோடு படித்துப் பாருங்கள். எந்தப் பல் போனால் எந்த எழுத்து போகும், எந்த எழுத்து நிற்கும் என்ற முன்கணிப்பே அதற்குள் இருக்கிறது.

அம்மாவுக்கு வயது 59. செகந்திராபாதில் இருக்கிறார். கண்பார்வையற்ற மாணவர்களுக்காகத் தமிழ்ப் பாடநூல்களை வாசித்து ஒலிப்பதிவு செய்து அனுப்புவது ஏழு ஆண்டுகளாக அவர் செய்துவந்த பணி. கூலி கிடையாது, கேட்டதும் கிடையாது. சர்க்கரை நோய் பதினைந்து ஆண்டுகளாக உண்டு. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதபோது ஈறுநோய் முற்றுவதும், ஈறுநோய் இருக்கும்போது சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கடினமாவதும் மருத்துவம் நன்கறிந்த உறவு. பல்லில் சொத்தை இல்லை. பல்லைப் பிடித்திருந்த எலும்புதான் கரைந்தது. நான்கு பற்களும் ஆடி, சீழ் வைத்து, இறுதியில் எடுக்க வேண்டியதாயிற்று. இருபுறமும் இருந்த கோரைப்பற்கள் தப்பின. வாயிலேயே மிக நீண்ட வேர் கோரைப்பல்லுக்குத்தான். அதனால் பலருக்கும் மற்ற பற்கள் போன பின்னும் அவை நிற்கும்.

பல் எடுத்த இரண்டாம் வாரம் அவர் ஒரு பாடத்தைப் பதிவுசெய்து பார்த்தார். தாமே கேட்டார். அழித்துவிட்டார். “இத்தனை வருசம் பேசுனது போதும்டி” என்றார். அதன்பின் தொலைபேசியிலும் அவர் பேச்சு குறைந்தது. நான் கேட்டதற்கு ‘ம்’ வரும். இல்லாவிட்டால் ‘சரி’ வரும். உறவினர் வீட்டு விழாவொன்றில் வாயைச் சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு, கேட்ட கேள்விக்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினார் என்று சித்தி சொன்னார். சொல் போவது இப்படித்தான். முதலில் சில எழுத்துகள் போகின்றன. பிறகு அந்த எழுத்துகள் வரும் சொற்களைத் தவிர்க்கத் தொடங்குகிறோம். பிறகு பேச்சையே தவிர்க்கிறோம்.

அவர் அழிக்காமல் விட்டிருந்த ஒரு பதிவை வாங்கிக் கேட்டேன். ‘தந்தை’ என்ற சொல்லில் நாநுனி முட்ட இடமில்லாமல் வெளியே வந்துவிடுகிறது. தகரத்தின் தெறிப்பு போய்க் காற்று கசிகிறது. ‘செவ்வாய்’ என்னும்போது கீழிதழ் மேற்பல்லைத் தேடி, அது இல்லாமல் மேலிதழையே தொடுகிறது. ‘சர்க்கரை’யின் முதலெழுத்தில் சீழ்க்கை. ஆனால் ‘பட்டணம்’, ‘பள்ளம்’, ‘வாழை’ ஆகியவற்றின் டகரம், ணகரம், ளகரம், ழகரம் நான்கும் முன்னிருந்தபடியே இருந்தன. அவற்றுக்கு முன்பல் தேவையில்லை. தொல்காப்பியரின் பட்டியல் என் காதணிபேசியில் அப்படியே ஒலித்தது.

முதலில் போன மருத்துவமனையில் பத்து நிமிடங்களுக்குள் விலைப்பட்டியல் வந்தது. இரண்டு இம்ப்ளான்ட்டுகள், அவற்றின் மேல் நான்கு பற்கள், 1,40,000 ரூபாய்; அன்றே முன்பணம் கட்டினால் தள்ளுபடி. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி சோதனையைக் கேட்கவே இல்லை. அப்போது அது 9.2. எனக்கு வரும் ஆய்வு உதவித்தொகை மாதம் 8,000 ரூபாய். பல் சிகிச்சையைப் பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள், விபத்தாக இருந்தாலொழிய, ஏற்பதில்லை. எழுந்து வந்துவிட்டோம்.

அதற்குப் பின் வந்த வாரங்களில் நூலகத்திலும் வேறிரு மருத்துவர்களிடமும் தெரிந்துகொண்டவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

கழற்றி மாட்டும் பல்செட் முதல் வழி. இளஞ்சிவப்பு அக்ரிலிக் தட்டில் பற்களைப் பதித்து, கம்பிக் கொக்கிகளால் மற்ற பற்களில் மாட்டுவார்கள். விலை குறைவு, அறுவை இல்லை, மற்ற பற்களைத் தொடுவதில்லை. இரவில் கழற்றித் தண்ணீரில் போட வேண்டும். மேல்வாய்க்கான தட்டு அண்ணத்தின் ஒரு பகுதியை மூடும். தடிப்பு சுமார் 2 மில்லிமீட்டர். கோபால்ட் குரோமியம் உலோகத்தில் வார்த்தால் இன்னும் மெல்லியதாக, உறுதியாக அமையும், விலை கூடும்.

இரண்டாவது பிரிட்ஜ். இடைவெளிக்கு இருபுறமும் உள்ள பற்களைத் தேய்த்துச் சிறிதாக்கி, அவற்றின் மேல் கேப் போட்டு, நடுவில் செயற்கைப் பற்களைத் தொங்கவிடுவார்கள். பாலம் என்ற பெயர் பொருத்தமே. கழற்ற வேண்டியதில்லை, அண்ணம் திறந்தே இருக்கும். விலையாக நல்ல பற்களின் எனாமலைக் கொடுக்கிறோம். தேய்த்தது திரும்ப வளராது. நடுப்பற்களுக்கு அடியில் உள்ள எலும்பு காலப்போக்கில் மெல்லக் கரைவதையும் பிரிட்ஜ் தடுக்காது. அடியில் நூல் கோத்துத் தினமும் சுத்தம் செய்யாவிட்டால் தாங்கும் பற்களும் போய்விடும்.

மூன்றாவது இம்ப்ளான்ட். தாடை எலும்பில் டைட்டேனியத் திருகாணியை நட்டு, அதன் மேல் பல்லைப் பொருத்துவது. 1952-இல் சுவீடனில் பிரானெமார்க் முயலின் எலும்பில் பொருத்திய டைட்டேனியக் கருவியைக் கழற்ற முயன்றபோது, எலும்பு அதைத் தன்னோடு சேர்த்துப் பற்றிக்கொண்டிருந்ததைக் கண்டார். 1965-இல் முதல் மனிதருக்குப் பொருத்தினார். பக்கத்துப் பற்களைத் தொடாமல் தனித்து நிற்பது இதன் பெருமை. எலும்பு பற்றிக்கொள்ள மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். எலும்பு போதாதபோது எலும்பொட்டு வேண்டும். புகைப்பழக்கமும் கட்டுப்படாத சர்க்கரையும் தோல்விக்கான வாய்ப்பைக் கூட்டும்.

பற்கள் அனைத்தும் போனவர்களுக்கு முழு பல்செட் உண்டு. மேல்வாய்த் தட்டு அண்ணத்தில் உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். கீழ்வாயில் அப்படிப் பிடிக்க இடமில்லை. நாவும் கன்னமும் அதைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால் கீழ்த்தாடையில் இரண்டு இம்ப்ளான்ட்டுகள் மட்டும் நட்டு, அவற்றின் மேல் பல்செட்டை மாட்டும் முறையை முதல் தேர்வாகக் கொள்ளலாம் என 2002-இல் கனடாவின் மெகில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள் கூறினர். இன்னொரு வழியையும் பலர் சொல்வதில்லை: சும்மா விடுவது. கடைவாய்ப்பற்கள் சில மட்டும் போய், மீதியை வைத்து வசதியாக மெல்ல முடிந்தால், எல்லா இடைவெளியையும் நிரப்பியாக வேண்டும் என்பதில்லை. அம்மாவின் கீழ்வரிசையில் கடைசிப் பல் ஒன்று இல்லை. அதை நிரப்ப வேண்டாம் என்று இரண்டாம் மருத்துவர் சொன்னபோதுதான் அவர் மேல் எனக்கு நம்பிக்கை பிறந்தது.

அந்த மருத்துவர் தெலுங்கர். அம்மாவோடு தெலுங்கில் பேசுவார். “முதலில் சர்க்கரை குறையட்டும், ஈறு ஆறட்டும். அதுவரை தற்காலிகமாக ஒரு தட்டு போட்டுக்கொள்ளுங்கள்” என்றார். தட்டு வந்தது. நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. போன எழுத்துகள் திரும்பின. நின்ற எழுத்துகள் போயின. ‘தந்தை’ தெளிவாக வந்தது. ‘பட்டணம்’ குழறியது; ‘வாழை’யின் ழகரம் யகரத்தின் பக்கம் சாய்ந்தது. காரணம் எளிது. முன்பல் வந்ததால் தகரத்துக்கு இடம் கிடைத்தது. நா வளைந்து தொடும் அண்ணத்தையோ தட்டு மூடிவிட்டது. ஐம்பத்தொன்பது ஆண்டுகள் தொட்டுப் பழகிய மேடுபள்ளங்களுக்குப் பதிலாக வழவழப்பான, தடித்த ஒரு பரப்பு. “வாய்க்குள்ள யாரோ வாடகைக்கு வந்த மாதிரி இருக்கு” என்றார் அம்மா.

இது பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் சரியாகும்; தினமும் உரக்க வாசித்தால் விரைவில் சரியாகும். அம்மாவுக்கும் மூன்று வாரங்களில் டகரம் ஏறத்தாழத் திரும்பியது. ஆனால் பேசும்போது தட்டு அசைந்து எழுப்பும் மெல்லிய ‘டிக்’ ஒலி திரும்பத் திரும்ப வந்தது. எதிரில் இருப்பவருக்கு அது கேட்காது. ஒலிவாங்கிக்குக் கேட்கும். பாடத்தைக் காதால் மட்டுமே படிக்கும் மாணவருக்கும் கேட்கும்.

பல் பொருத்தும்போது பேச்சைச் சோதிக்கும் வழக்கம் மருத்துவத்தில் இல்லாமலில்லை. மருத்துவர் அம்மாவை “ஃபிஃப்டி ஃபைவ்”, “சிக்ஸ்டி சிக்ஸ்” என்று சொல்லச் சொன்னார். பாடநூல்களில் உள்ள முறை அது. முதலாவதில் மேற்பல்லின் விளிம்பு கீழிதழின் ஈரமும் உலர்வும் சந்திக்கும் கோட்டைத் தொட்டால் பல்லின் நீளம் சரி. இரண்டாவதில் மேற்பல்லும் கீழ்ப்பல்லும் மிக நெருங்கியும் மோதாமல் இருந்தால் இடைவெளி சரி. ஆங்கிலம் பேசும் வாய்க்கு அது நல்ல சோதனை. ஆனால் அந்த எண்களில் ழகரம் போன்ற ஒலி ஒன்றுகூட இல்லை. அம்மா இரண்டையும் திருத்தமாகச் சொன்னார்; சோதனையில் தேறிவிட்டார். ‘எழுபத்தேழு’ சொல்லியிருந்தால் தட்டின் குறை உடனே தெரிந்திருக்கும்.

மருத்துவரிடம் தயக்கத்தோடு ஒன்று கேட்டேன்: தமிழில் ஒன்று முதல் பத்து வரை எண்ணச் சொல்லலாமா? நம் எண்ணுப்பெயர்களில் ஓர் ஒலியியல் பட்டியலே அடங்கியிருக்கிறது. ‘ஒன்று’, ‘ஆறு’ ஆகியவற்றில் றகரம். ‘இரண்டு’, ‘எட்டு’ ஆகியவற்றில் டகரம். ‘ஐந்து’, ‘பத்து’ ஆகியவற்றில் தகரம். ‘ஏழு’வில் ழகரம். விடுபடும் மூன்று எழுத்துகளுக்காக ‘பேச்சு’, ‘செவ்வாய்’, ‘பள்ளம்’ என மூன்று சொற்களைச் சேர்த்துக்கொண்டால் போதும்.

அவர் சிரிக்கவில்லை. தட்டின் மேல் டால்கம் பவுடரைத் தூவி மாட்டி, அம்மாவை ‘எட்டு’ என்று மட்டும் சொல்லச் சொல்லிக் கழற்றிப் பார்த்தார். நா தொட்ட இடத்தில் பவுடர் அழிந்திருந்தது. ஒலியியலில் நாங்கள் செய்வதும் ஏறத்தாழ இதுவே. நாவில் கரித்தூளும் எண்ணெயும் குழைத்துத் தடவி, ஓர் ஒலியைச் சொல்லச் செய்து, அண்ணத்தில் படிந்த கறையைக் கண்ணாடி வைத்துப் படமெடுப்போம். ஒரே கேள்விக்கு இரண்டு துறைகள் இரண்டு பொடிகளால் விடை தேடுகின்றன. பவுடர் அழிந்திருந்த இடத்தில் தட்டை அவர் சிறிது மெலிதாக்கினார். அன்று மாலையே ‘பட்டணம்’ கொஞ்சம் பட்டணமாயிற்று.

ஐந்து மாதங்களில் ஹெச்பிஏ1சி 7.1-க்கு வந்தது. இம்ப்ளான்ட்டும் இப்போது முடியாததன்று. ஆனால் முன்புற எலும்பு மெலிந்திருந்ததால் எலும்பொட்டு வேண்டும், முடிய ஓராண்டு ஆகலாம் என்றார் மருத்துவர். கோரைப்பல்லிலிருந்து கோரைப்பல் வரை பிரிட்ஜ் என்றால் ஆறு அலகுகள், 39,000 ரூபாய், மூன்று வாரங்கள். உறுதியான இரு பற்களைத் தேய்க்க வேண்டும். நான் அம்மாவிடம் இரண்டையும் எடுத்துச் சொன்னேன். அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “எதுல பாடம் வாசிக்க முடியும்?” இரண்டிலும் அண்ணம் திறந்திருக்கும், இரண்டிலும் முடியும். “அப்ப சீக்கிரம் முடியறதைப் போடு. பரீட்சை வருது” என்றார். யாருடைய பரீட்சை என்று நான் கேட்கவில்லை.

பிரிட்ஜில் ஒரு வசதி உண்டு. இறுதிப் பற்கள் ஆய்வகத்திலிருந்து வரும்வரை தற்காலிகமாக ஒன்றைப் பொருத்துவார்கள். அதைத் தேய்க்கலாம், நீட்டலாம். அதில் பேச்சு சரியாகும்வரை திருத்தி, அந்த வடிவத்தையே ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லலாம். பற்களின் உட்புறம் தடித்திருந்ததால் ‘பத்து’ அழுந்தி ஒலித்தது, தேய்த்தார். விளிம்பு சற்று நீண்டிருந்ததால் ‘செவ்வாய்’ இடறியது, குறைத்தார். மூன்று முறை போனோம். நாற்காலியில் சாய்ந்தபடி ஒன்று இரண்டு எண்ணும் அம்மாவைப் பார்த்து, காத்திருந்த ஒரு சிறுவன் தானும் தெலுங்கில் எண்ணத் தொடங்கினான்.

இவ்வளவும் அமைந்தது எங்கள் பேறு என்பதையும் சொல்ல வேண்டும். என் ஆய்வு, தெலங்கானாவின் ஆதிலாபாத் பகுதியிலும் மகாராஷ்டிரத்தின் யவத்மாள் பகுதியிலும் பேசப்படும் கோலாமி என்ற திராவிட மொழியின் ஒலிகளைப் பற்றியது. அங்கே எழுபது வயது கடந்த பெரியவர் ஒருவர் அருமையான கதைசொல்லி. மேல்வரிசையில் ஒரு பல்லும் இல்லை. பல்லொலியையும் வளைநாவொலியையும் அளக்க அவர் மகனைப் பதிவுசெய்கிறேன். கதைகளைப் பெரியவரிடம் கேட்கிறேன். 1950-களில் இங்கிலாந்தின் கிளைமொழிகளை ஆராய்ந்த ஹெரால்டு ஆர்ட்டன் குழுவினரும், தகவலாளிகளுக்கு வாயும் பல்லும் செவியும் நன்றாக இருக்க வேண்டும் என்றே தேடினர். அளவீட்டுக்கு அது தேவை. ஆயினும் ஒரு மொழியை அதிகம் அறிந்தவர்கள் முதியவர்களாக இருக்கும் ஊரில், பல்லில்லாதவரை விலக்கும் விதி யாரை விலக்குகிறது என்பதையும் எண்ண வேண்டும். அந்தப் பெரியவரிடம் இம்ப்ளான்ட்டா பிரிட்ஜா என்று கேட்க யாருமில்லை. பல்செட் செய்து தரும் இடத்துக்குப் பலமுறை போய்வரப் பேருந்துச் செலவும் கூலி இழப்பும் தடை.

கேரளத்தில் வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள, 60 வயது கடந்தவர்களுக்கு அரசே இலவசமாகப் பல்செட் தரும் திட்டம் ஒன்று உண்டு. அதன் பெயர் மந்தஹாசம். புன்னகை என்று பொருள். எல்லா மாநிலங்களும் பின்பற்றத்தக்க நல்ல திட்டம். பெயரில் புன்னகை இருப்பதில் எனக்குக் குறையில்லை. பல்லுக்கும் பேச்சுக்குமான உறவும் எங்கேனும் எழுதப்பட்டால் மகிழ்வேன்.

உங்கள் வீட்டில் யாருக்கேனும் பல் கட்ட வேண்டியிருந்தால், விலை கேட்பதற்கு முன் இவற்றைக் கேளுங்கள். தாங்கும் பற்களின் ஈறும் எலும்பும் எப்படி இருக்கின்றன? சர்க்கரைச் சோதனை பார்த்தீர்களா? இந்த இடைவெளியை நிரப்பாமல் விட்டால் என்ன ஆகும்? தட்டு அண்ணத்தில் எவ்வளவு தூரம் வரும், மெலிதாக்க முடியுமா? இறுதியாகப் பொருத்துவதற்கு முன் பேசிப் பார்த்துத் திருத்த வாய்ப்பு உண்டா? பிறகு அவரவர் தாய்மொழியில் ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் முன்பாக, பல் போனவரிடமே கேளுங்கள்: அந்த வாயால் அவர் என்ன செய்ய விரும்புகிறார்? முறுக்குத் தின்னவா, பாடவா, பேரப்பிள்ளைக்குக் கதை சொல்லவா? ‘இந்த வயசுல எதுக்கு’ என்ற சொல்லை மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். என் அம்மாவிடம் அதை இருவர் சொன்னார்கள். இருவருக்கும் பற்கள் முழுமையாக இருந்தன.

அம்மா இப்போது பத்தாம் வகுப்பு அறிவியலில் ஒளியியல் பாடத்தை வாசித்துக்கொண்டிருக்கிறார். தொலைபேசியில் என்னைப் பேசவிடுவதில்லை.